கர்ப்ப காலத்தில் கடுமையான ஒவ்வாமை வந்தால் எந்த ரத்தப் பரிசோதனை உதவும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஏழு மாதக் கர்ப்பிணியான உங்கள் மனைவிக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, ரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. மருத்துவமனையில் காப்பாற்றிவிட்டார்கள். பத்து நாள் கழித்து நீங்களே வெளியே எடுத்த மொத்த ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதத்தின் அளவு) 480 என்று வந்திருக்கிறது. இது ஆபத்தா, நூறு பொருட்களுக்கான ஒவ்வாமைப் பரிசோதனையையும் எடுத்துவிடலாமா?

நான் மருத்துவர் அல்ல. மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறவள். அந்த 480ஐ நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா, தோல் அரிப்பு, குடற்புழு என்று எது இருந்தாலும் மொத்த ஐஜிஇ ஏறும். அன்று நடந்ததற்கு அந்த ஊசிதான் காரணமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

நடந்தது கடுமையான ஒவ்வாமைதானா என்று அறிய உதவும் பரிசோதனை டிரிப்டேஸ். ஒவ்வாமை வெடிக்கும்போது மாஸ்ட் செல்கள் எனப்படும் ஒவ்வாமைச் செல்கள் உடைந்து ஹிஸ்டமினையும் டிரிப்டேஸையும் ரத்தத்தில் கொட்டுகின்றன. ஹிஸ்டமின் ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிடும். அதுவும் கர்ப்பிணிகளிடம் நஞ்சுக்கொடி சுரக்கும் ஒரு நொதி ஹிஸ்டமினை வேகமாகச் சிதைத்துவிடுவதால், அதை அளப்பதில் பயனே இல்லை. டிரிப்டேஸ் கொஞ்சம் நின்று போகும். ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். ஆகவே சிகிச்சை தொடங்கியவுடன் ஒரு மாதிரி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் இன்னொன்று எடுப்பார்கள். நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. எல்லாம் அடங்கி 24 மணி நேரமாவது ஆன பிறகு மூன்றாவது மாதிரி. இதுதான் அவருடைய இயல்பு அளவு.

இந்த மூன்றாவது மாதிரியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு. அறிக்கையில் 11.4 வரை இயல்பு என்று அச்சாகியிருக்கும். ஒருவருக்கு அன்று 9 வந்தால் ‘நார்மல்’ என்று கோப்பை மூடிவிடுவார்கள். அவருடைய இயல்பு அளவு 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை 1.2ஆல் பெருக்கி 2ஐக் கூட்டினால் 6.8. அன்றைய அளவு அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மாஸ்ட் செல்கள் உடைந்திருக்கின்றன என்று பொருள். 9 தாண்டிவிட்டதல்லவா? இரண்டு எண்ணும் கையில் இருந்தால்தான் இந்தக் கணக்கே போட முடியும். அதேபோல, குழாயின் மேல் எடுத்த நேரம் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயரும் வார்டு எண்ணும் மட்டும் ஒட்டிய குழாய் வந்தால் நான் உடனே வார்டுக்குத் தொலைபேசியில் கேட்டு, ‘மதியம் 2.10’ என்று பேனாவால் எழுதிவிட்டுத்தான் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பின் மிஞ்சும் தெளிந்த நீரைப் பிரிப்பேன். எங்களிடம் இந்தப் பரிசோதனை இல்லை, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். அதனால் கெட்டுவிடாது, சீரத்தைக் குளிரில் வைத்தால் டிரிப்டேஸ் தாங்கும்.

பிரசவ நேரத்தில் இதன் மதிப்பு இன்னும் கூடும். சிசேரியன் மேசையில் ரத்த அழுத்தம் சரிந்தால், முதுகில் போட்ட மயக்க ஊசியாலா, ரத்தப்போக்காலா, பனிக்குட நீர் ரத்தத்தில் கலந்ததாலா, கொடுத்த மருந்தின் ஒவ்வாமையாலா என்று அந்த நிமிடத்தில் பிரித்துச் சொல்வது கடினம். பிறகு யோசிக்கும்போது டிரிப்டேஸ் ஒரு நல்ல சாட்சி. ஆனால் ஒரே சாட்சி அல்ல. அளவு ஏறவில்லை என்பதற்காக ஒவ்வாமை இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; உணவால் வரும் கடுமையான ஒவ்வாமையில் பல நேரம் அது ஏறுவதே இல்லை.

எந்தப் பரிசோதனைக்காகவும் சிகிச்சை ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின்தான் முதல் வேலை. கர்ப்பிணியாயிற்றே என்று அதற்குத் தயங்கினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைப்பதும் அவ்வளவு முக்கியம். மல்லாந்து கிடந்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்திவிடும்.

பத்து நாள் ஆகிவிட்டதால் அன்றைய ஏற்றத்தை இனிப் பிடிக்க முடியாது. அன்று மருத்துவமனையில் டிரிப்டேஸ் எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால், இப்போது எடுக்கும் மாதிரியே இயல்பு அளவாகப் பயன்படும். எடுக்காவிட்டாலும் ஒரு முறை பார்த்து வைப்பது நல்லது. சிலருக்கு எப்போதுமே அது அதிகமாக இருக்கும். அதைத் தனியாக ஆராய வேண்டும்.

குறிப்பிட்ட மருந்துக்கான ஐஜிஇ பரிசோதனை வெறும் ரத்தம் எடுப்பதுதான், கர்ப்பத்தில் பயமில்லை. நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எடுப்பதே சரி. உடனே எடுத்தால் இல்லாததுபோல் காட்டக்கூடும். பென்சிலின் வகை போன்ற மிகச் சில மருந்துகளுக்கே இது உண்டு. ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் அந்த மருந்தைத் துணிந்து போட்டுவிடக் கூடாது. தோல் பரிசோதனையைப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்வார்கள். அந்த மருந்து இப்போதே கட்டாயம் தேவை என்றால், ஒவ்வாமை நிபுணர் எல்லா ஏற்பாட்டோடும் செய்வார். ‘டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்போம்’ என்று வேறு எங்கும் சம்மதிக்காதீர்கள்.

நூறு பொருள் பரிசோதனை வேண்டவே வேண்டாம். சாப்பிட்டு எந்தத் தொல்லையும் இல்லாத பொருளுக்கும் அதில் ‘பாசிட்டிவ்’ வரும். அதை நம்பிப் பாலை நிறுத்தி, முட்டையை நிறுத்தி, மீனை நிறுத்தி, ஏழாம் மாதத்தில் ரசம் சாதத்தோடு வாடிப்போய் வரும் பெண்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, மருத்துவமனையிலிருந்து ஒரு தாளை எழுதி வாங்குங்கள்: போட்ட மருந்தின் பெயர், போட்ட நேரம், எத்தனை நிமிடத்தில் என்ன தொடங்கியது, அட்ரினலின் எவ்வளவு கொடுத்தார்கள், அதே நேரத்தில் வேறு என்னென்ன மருந்து உள்ளே போனது. ‘ஊசி அலர்ஜி’ என்ற ஒற்றை வரியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்திலும் மருந்தின் பெயரைச் சிவப்பு மையால் எழுதச் சொல்லுங்கள். பிரசவத்துக்குச் சேரும் அன்று மகப்பேறு மருத்துவரிடம் சொன்னதோடு விடாமல், மயக்க மருத்துவரிடமும் அந்தத் தாளை நேரில் கொடுங்கள். சிசேரியனுக்கு முன் எந்த ஆன்டிபயாடிக் என்பதை அதைப் பார்த்துத்தான் அவர்கள் முடிவு செய்ய வேண்டும்.