ஒரு ஜெர்மன் நகரத்தின் மக்கள்தொகை பல நூற்றாண்டுகளில் எப்படி மாறியது? போர்களில்தான் அதிகம் பேரை இழந்ததா?

நான் குடியிருக்கும் லைப்சிக் நகரத்தை வைத்துச் சொல்கிறேன். ஜெர்மனியின் கிழக்கே, சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு முதலில் பதில்: இல்லை. இரண்டாம் உலகப் போரில் போனவர்களைவிட அதற்குப் பிந்தைய அமைதிக் காலத்தில்தான் இந்த ஊரைவிட்டு அதிகம் பேர் போனார்கள். 1930இல் இங்கே சுமார் 7,18,000 பேர் இருந்தார்கள். போர் முடிந்த 1945இன் கடைசியில் 5,85,000 பேர். ஆனால் ஊர் அடிமட்டத்தைத் தொட்டது 1998இல்தான், வெறும் 4,37,000. அப்போது குண்டும் விழவில்லை, கொள்ளைநோயும் வரவில்லை. இன்று மறுபடி 6 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

இனி கொஞ்சம் விரிவாக.

லைப்சிக்கின் பெயர் ஏட்டில் முதலில் வருவது 1015இல், மெர்செபர்க் ஆயர் தீட்மார் எழுதிய வரலாற்றுக் குறிப்பில். நகர உரிமை கிடைத்தது 1165 வாக்கில். அந்தக் காலத்துத் தலைக்கணக்கெல்லாம் வரிப்பட்டியலை வைத்துப் போட்ட உத்தேசம்தான். வரி கட்டிய குடும்பத்தலைவர்களை எண்ணி, ஒரு வீட்டுக்கு இத்தனை பேர் என்று பெருக்கிக்கொள்வார்கள். பண்ணையாளும் வேலைக்காரியும் பிச்சைக்காரரும் அதில் சரியாக வரமாட்டார்கள். அந்த உத்தேசப்படி 1500 வாக்கில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. இத்தனைக்கும் 1409இலேயே பல்கலைக்கழகம் வந்துவிட்டது. 1497இல், பின்னாளில் பேரரசரான மாக்சிமிலியன் இங்கே சந்தை நடத்தத் தனிச் சலுகையும் கொடுத்துவிட்டார்.

அந்தச் சந்தைதான் ஊரின் உயிர். புத்தாண்டு, ஈஸ்டர், செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாள் என்று வருஷத்துக்கு மூன்று முறை. அந்த நாட்களில் போலந்து, ரஷ்யா, பால்கன் பக்கமிருந்தெல்லாம் வியாபாரிகள் வந்து குவிவார்கள். தோல், கம்பளி, புத்தகம் என்று எல்லாம் கைமாறும். யூத வியாபாரிகள் சந்தைக்கு வரலாம், வரி கட்டலாம், ஆனால் நிரந்தரமாகக் குடியிருக்க 19ஆம் நூற்றாண்டு வரை மிகச் சிலருக்குத்தான் அனுமதி. அதனால் பழைய ‘குடிகள்’ கணக்கு, ஊருக்குச் சோறு போட்டவர்களில் ஒரு பெரிய கூட்டத்தை விட்டுவிட்ட கணக்கு.

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் லைப்சிக் பலமுறை முற்றுகைக்கு ஆளானது. 1642இலிருந்து 1650 வரை சுவீடன் படை ஊருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. அடி பலம்தான், ஆனால் ஊர் பிழைத்தது. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மாக்டெபர்க்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1631இல் பேரரசரின் படை உள்ளே புகுந்து சுமார் 20,000 பேரைக் கொன்றது. அடுத்த வருஷம் எண்ணியபோது அங்கே எஞ்சியவர்கள் ஏறத்தாழ 450 பேர். போரில் அழிந்த ஜெர்மன் நகரம் வேண்டுமென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

18ஆம் நூற்றாண்டில் லைப்சிக் மெல்ல ஏறி 30,000 பேரைத் தொட்டது. பாஹ் இங்கே தாமஸ் தேவாலயத்தின் இசைப் பொறுப்பில் இருந்த 1723–1750 காலம் இதில் அடக்கம். உலகம் கொண்டாடும் அந்த இசையெல்லாம் இன்று ஒரு சின்ன டவுன் என்று நாம் சொல்லும் அளவுள்ள ஊரில் பிறந்தது.

1813 அக்டோபரில் நெப்போலியனை எதிர்த்து நடந்த ‘மக்களினங்களின் போர்’ இந்த ஊரைச் சுற்றித்தான். சுமார் 35,000 பேர் வாழ்ந்த ஊரைச் சுற்றி ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மோதினார்கள். சண்டை நான்கு நாளில் முடிந்தது. குடிமக்களைக் கொன்றது அதன் பின்னால் வந்த டைஃபஸ் காய்ச்சல். தேவாலயங்களிலும் கிடங்குகளிலும் காயம்பட்டவர்களைப் போட்டிருந்தார்கள், அங்கிருந்து பேன் வழியாக வீடுகளுக்குப் பரவியது. அந்த வருஷம் மே மாதம்தான் பிறந்திருந்த, பின்னாளில் பெரிய இசையமைப்பாளரான ரிச்சர்ட் வாக்னரின் தந்தை, காவல்துறையில் எழுத்தராக இருந்தவர், அந்தக் காய்ச்சலில் நவம்பரில் இறந்தார்.

பிறகு வந்தது அசுர வளர்ச்சி. 1839இல் லைப்சிக்–டிரெஸ்டன் ரயில் ஓடத் தொடங்கியது, ஜெர்மனியின் முதல் நீண்டதூரப் பாதை. (1848இல் லுத்தரன் மிஷன் ஒன்று டிரெஸ்டனிலிருந்து இங்கே மாறியது. தரங்கம்பாடிக்கு ஆள் அனுப்பிய அந்த லைப்சிக் மிஷன்தான். அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் தமிழ் கற்று, குறளை ஜெர்மனில் தந்தவர். அவர் காலத்து லைப்சிக்கில் ஏறத்தாழ 60,000 பேர்தான்.) 1871 கணக்கெடுப்பில் ஒரு லட்சம் தாண்டியது. 1890இல் 2,95,000. 1900இல் 4,56,000. 1910இல் 5,90,000, பெர்லின், ஹாம்பர்க், மியூனிக்குக்கு அடுத்த நான்காவது பெரிய ஜெர்மன் நகரம்.

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். இந்தப் பாய்ச்சலில் பிறந்த குழந்தை எத்தனை, கிராமத்திலிருந்து வேலைக்கு வந்தவர் எத்தனை, உட்கார்ந்த இடத்திலேயே நகரவாசி ஆனவர் எத்தனை? 1889 முதல் 1892 வரை ரொய்ட்னிட்ஸ், கோலிஸ், பிளாக்விட்ஸ், லிண்டெனாவ், கொன்னெவிட்ஸ் என்று சுற்றிலும் இருந்த ஊர்களை வரிசையாக நகராட்சியோடு சேர்த்தார்கள். அந்த ஊர்கள் முன்பே தொழிற்சாலைப் புகையில் மூழ்கியவைதான். பிளாக்விட்ஸ் பக்கம் 1884இல் தொடங்கிய பருத்தி நூற்பாலை, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்டத்திலேயே மிகப் பெரியதாக, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நூற்புக் கதிர்களோடு ஓடியது. தொழிலாளிகள் அங்கேயே இருந்தார்கள், நகர எல்லைக் கோடுதான் நகர்ந்தது.

நான் இருக்கும் லிண்டெனாவ் வீடு அந்தக் காலத்தில் எழும்பியதுதான். முகப்பில் சுதை வேலைப்பாடு, தரைமட்டத்தில் நிலக்கரி கொட்டுவதற்கு ஒரு இரும்புக் கதவு. மாடிப்படி திரும்பும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்னக் கதவு, எல்லாம் பூட்டியே இருக்கும். இப்போது துடைப்பம், சைக்கிள் பம்ப் வைக்கும் இடம். முன்பு இரண்டு மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறை. 7,18,000 பேர் எப்படி அடைந்து கிடந்தார்கள் என்பது அந்தக் கதவைப் பார்த்தாலே புரியும்.

1933இல் இங்கே 11,000க்கும் மேற்பட்ட யூதர்கள் வாழ்ந்தார்கள். புரூல் தெருவின் விலங்கு ரோமத்தோல் வியாபாரம் அவர்களால்தான் உலகப் புகழ் பெற்றது. 1938 அக்டோபரில் போலந்துக் குடியுரிமை கொண்டவர்களை நாடு கடத்தினார்கள். தப்பி வெளிநாடு போக முடியாமல் மிஞ்சியவர்களில் பெரும்பாலோரைப் பின்னர் முகாம்களுக்கு அனுப்பிக் கொன்றார்கள். மொத்த எண்ணிக்கையில் இது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, வரைபடத்தில் கோடு அசையவே அசையாது. மக்கள்தொகை வரைபடங்களை நான் முழுக்க நம்பாததற்கு இது ஒரு காரணம்.

1943 டிசம்பர் 4 அதிகாலைக் குண்டுவீச்சில் சுமார் 1,800 பேர் இறந்தார்கள், நகரின் நடுப்பகுதி எரிந்தது. 1939இல் 7,07,000 பேர் இருந்த ஊர் 1945இல் 5,85,000 ஆனது. ஆனால் 1950இல் அதே ஊரில் 6,17,000 பேர்! சைலீசியா போன்ற கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட ஜெர்மானியர்கள் இடிபாடுகளுக்கு நடுவிலும் வந்து குடியேறினார்கள்.

அந்த 1950இலிருந்துதான் நீண்ட சரிவு. அதன் வேர் போர் முடிந்த வருஷத்திலேயே இருக்கிறது. முதலில் அமெரிக்கப் படை வந்தது, 1945 ஜூலையில் ஊரை சோவியத் வசம் விட்டுப்போனது. போகும்போது புரோக்ஹவுஸ் போன்ற பதிப்பகத்தாரைக் கையோடு அழைத்துப்போனார்கள். பெர்லின் சுவர் எழும்பிய 1961 வரை மேற்கு ஜெர்மனிக்கு ஓட்டம். அதன் பிறகும் ஊர் வளரவில்லை, கிழக்கு ஜெர்மனி அரசின் பணமும் கவனமும் பெர்லினுக்குப் போயின. பழைய வீடுகளைப் பழுதுபார்க்காமல் விட்டுவிட்டு, 1976 முதல் குருனாவ் என்ற இடத்தில் கான்கிரீட் பலகைக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். உச்சத்தில் அங்கே மட்டும் 85,000 பேர். வெந்நீர், உள்ளேயே கழிப்பறை, வீட்டுக்கு வீடு வெப்பக்குழாய். நிலக்கரி வாளி தூக்கிச் சலித்தவர்களுக்கு அது சொர்க்கம்.

1989 அக்டோபர் 9 அன்று 5,30,000 பேர் இருந்த ஊரில் சுமார் 70,000 பேர் கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். அடுத்த மாதமே மேற்குக்கான எல்லை திறந்தது. உரிமைக்காக நடந்த ஊர் அடுத்த ஒன்பது ஆண்டில் 93,000 பேரை இழந்தது. ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின, இளையவர்கள் மேற்கே வேலை தேடிப் போனார்கள். பிள்ளைப்பேறு ஏறக்குறைய நின்றேபோனது. 1994இல் கிழக்கு ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.77 குழந்தை. அமைதிக் காலத்தில் அத்தனை தாழ்ந்த எண் மிக அபூர்வம். இருந்தவர்களில் வசதியானவர்கள் ஊர் எல்லைக்கு வெளியே, வரிச்சலுகையில் எழும்பிய புது வீடுகளுக்குப் போனார்கள். 2000 வாக்கில் நகரில் சுமார் 60,000 வீடுகள் காலி, ஐந்துக்கு ஒன்று. குருனாவ் பாதியானது, சில கட்டடங்களை இடித்தும் தள்ளினார்கள்.

நகராட்சி என்ன செய்தது? போனவர்களைத் திரும்ப அழைக்க முடியாது, அவர்கள் போன இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாமே! 1999, 2000இல் சுற்றுப்புற ஊர்களை இணைத்ததில் எண்ணிக்கை ஒரே தாவலில் 4,93,000. தெற்கே மார்க்லேபெர்க் மட்டும் மறுத்துப் போராடித் தனி ஊராகவே நின்றது, இன்றும் அப்படித்தான். இந்த இணைப்பால் நகரின் பரப்பு இப்போது சுமார் 298 சதுர கிலோமீட்டர். அதாவது 1930இல் இதைவிட மிகச் சிறிய இடத்தில் இன்றைவிட ஒரு லட்சம் பேர் அதிகமாக இருந்தார்கள்.

அதற்குப் பிந்தைய வளர்ச்சி நிஜமானது. போர்ஷே, பிஎம்டபிள்யூ ஆலைகள், 2008இல் டிஎச்எல் சரக்கு விமான மையம் என்று வேலைகள் வந்தன. ஆனால் என் கணிப்பில் முதல் காந்தம் காலி வீடுகள்தான். உரிமையாளரிடம் பழுதுபார்க்கப் பணம் இல்லாத வீடுகளை, 2004இல் தொடங்கிய ஒரு சங்கம் பொறுப்பேற்றுப் பராமரிப்புச் செலவுக்கு மட்டும் கலைஞர்களுக்கும் மாணவர்களுக்கும் விட்டது. கூரை ஒழுகாமல், குழாய் உறையாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு. ‘காவல் வீடு’ என்று மஞ்சள் பதாகை தொங்கும். இன்று அதே தெருக்களில் ஒரு வீட்டைப் பார்க்க வரிசை கட்டி நிற்கிறார்கள்.

இன்னொன்று, எண்களை ஒப்பிடும்போது யார் எண்ணியது என்று பாருங்கள். ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் பதிவு அலுவலகம் போய், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளைக் கொடுக்க வேண்டும். வருகிறவர் தவறாமல் போவார், வங்கிக் கணக்கு முதல் வரி எண் வரை அதை நம்பித்தான். நாட்டைவிட்டுப் போகிறவர் பலர் சொல்லாமலே போய்விடுவார்கள். அதனால் ஊரில் இல்லாத ஆட்களின் பெயர்கள் பேரேட்டில் சேர்ந்துகொண்டே இருக்கும். 2011 கணக்கெடுப்பில் லைப்சிக்கின் எண்ணிக்கை அதுவரை சொல்லிவந்ததைவிட 20,000 பேருக்கு மேல் குறைந்தது. மாநில அரசு நகராட்சிக்குத் தரும் நிதியில் தலைக்கணக்குக்குப் பங்கு உண்டு, அதனால் இது வெறும் புள்ளிவிவரச் சண்டை இல்லை.

2016இல் நகராட்சி ஒரு கணிப்பு வெளியிட்டது: 2030இல் 7,20,000 பேர். சரியாக நூறு வருஷத்தில் பழைய உச்சம்! அவசர அவசரமாகப் பள்ளிகளும் குழந்தைக் காப்பகங்களும் கட்டினார்கள், அதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்புதான் ஆளில்லாப் பள்ளிகளை மூடியிருந்தார்கள். சில வருஷத்திலேயே கணிப்பைக் கீழே இறக்கிவிட்டார்கள். பிறப்பு மறுபடி சரிந்துவிட்டது. இப்போது ஊர் வளர்வது பெரும்பாலும் சிரியா, உக்ரைன், இந்தியா என்று வெளிநாடுகளிலிருந்து வருபவர்களால். நான் வந்த புதிதில் காப்பகத்தில் இடம் கிடைக்காமல் அலைந்த பெற்றோர் ஏராளம். இப்போது எந்தக் காப்பகத்தை மூடுவது என்று பேச்சு நடக்கிறது.