சாட் சர்வர் சான்றிதழ் எச்சரிக்கை: 'எப்போதும்' என்று அழுத்தச் சொல்லலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 40 பேர். எங்களுக்குள் பேசிக்கொள்ள ப்ரோசடி சாட் சர்வர் நிறுவியிருக்கிறோம். முகவரிகள் மீனா@நிறுவனம்.இன் என்ற வடிவில் இருக்கும் (டொமைன் பெயரை மாற்றியிருக்கிறேன்). சர்வர் ஓடுவது சாட்.நிறுவனம்.இன் என்ற கணினியில். லெட்ஸ் என்கிரிப்ட் (சான்றிதழை இலவசமாகத் தரும் அமைப்பு) சான்றிதழ் போட்டாயிற்று. பிரவுசரில் திறந்தால் பூட்டுக் குறி சரியாக வருகிறது. ஆனால் போனில் கான்வர்சேஷன்ஸ் செயலி, சான்றிதழை நம்ப முடியவில்லை என்கிறது. 'எப்போதும்' என்று அழுத்திவிட்டால் எல்லாம் வேலை செய்கிறது. எல்லாரையும் அதையே அழுத்தச் சொல்லிவிடலாமா? பாஸ்வேர்ட் கேட்டுத்தானே உள்ளே விடுகிறது?

பதில்: வேண்டாம். அந்த எச்சரிக்கை வரக் காரணம் சின்னதுதான், ஒரு மணி நேர வேலையில் தீர்ந்துவிடும். அதற்காக 40 பேரையும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகப் பழக்கிவிடாதீர்கள்.

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. 'நீ யார்' என்று சர்வர் போனிடம் கேட்பதற்கு முன்பே, 'நீ யார்' என்று போன் சர்வரிடம் கேட்டு முடித்திருக்க வேண்டும். அதற்குத்தான் சான்றிதழ். அந்த முதல் சோதனையைத் தள்ளிவிட்டால், நடுவில் உட்கார்ந்திருக்கும் ஒரு போலி சர்வரிடமே பாஸ்வேர்டைக் கொடுக்க நேரலாம். ஸ்க்ராம் என்ற உள்நுழைவு முறையில் பாஸ்வேர்ட் அப்படியே கம்பியில் போகாது என்பது உண்மை. ஆனால் போலி சர்வர் 'எனக்கு ப்ளெயின் முறை மட்டும்தான் தெரியும்' என்று சொன்னால், அதை நம்பி பாஸ்வேர்டை அப்படியே அனுப்பிவிடும் செயலிகள் உண்டு.

சரி, எச்சரிக்கை ஏன் வருகிறது? உங்கள் விவரத்தைப் பார்த்தால் சான்றிதழை சாட்.நிறுவனம்.இன் என்ற பெயருக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. எக்ஸ்எம்பிபி (ப்ரோசடி பேசும் சாட் நெறிமுறை) விதிப்படி, முகவரியில் @ குறிக்குப் பின்னால் எந்தப் பெயர் இருக்கிறதோ அதுவே சான்றிதழில் இருக்க வேண்டும். அதாவது நிறுவனம்.இன். சர்வர் எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதை டிஎன்எஸ்ஸில் (இணையத்தின் பெயர் அடைவில்) உள்ள எஸ்ஆர்வி பதிவுதான் செயலிக்குச் சொல்கிறது. சாதாரண டிஎன்எஸ் பதிலை வழியில் மாற்றிவிட முடியும் என்பதால், அது காட்டும் கணினியின் பெயரைச் செயலி நம்புவதில்லை. மீனா தட்டச்சு செய்த பெயரை மட்டுமே நம்புகிறது. அந்த முடிவு மிகச் சரியானது. பிரவுசரில் நீங்கள் தட்டியதே சாட்.நிறுவனம்.இன், அதனால் அங்கே பூட்டு வந்தது. போதாததற்கு, பிரவுசர் பேசியது வெப் சர்வரிடம். போன் பேசுவது 5222 போர்ட்டில் (சாட்டுக்கான நுழைவாயில் எண்) இருக்கும் ப்ரோசடியிடம். இரண்டும் ஒரே சான்றிதழைத்தான் காட்டுகின்றன என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

ஆக, நிறுவனம்.இன் என்ற பெயருக்குச் சான்றிதழ் வாங்குங்கள். குழு அரட்டைக்கும் கோப்பு ஏற்றவும் தனி சப்டொமைன் வைத்திருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போட்ட வைல்ட்கார்ட் சான்றிதழ் ஒன்று போதும் என்று நினைத்துவிட வேண்டாம்: அது சப்டொமைன்களுக்குத்தான், வெறும் நிறுவனம்.இன்னுக்குச் செல்லாது. உங்கள் வலைத்தளம் வேறொரு ஹோஸ்டிங்கில் இருந்தால், டொமைன் உங்களுடையது என்று நிரூபிக்கும் வழக்கமான வெப் சோதனையைச் சாட் கணினியிலிருந்து முடிக்க முடியாது. டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி பதிவு போட்டு நிரூபிக்கும் முறையைத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், செர்ட்பாட் (லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழை வாங்கித் தரும் நிரல்) தரும் கோப்புகளில் ஃபுல்செயின் என்று இருப்பதை எடுக்க வேண்டும். உங்கள் சான்றிதழை நம்பகமான மூலச் சான்றிதழோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் வெறும் செர்ட் கோப்பில் இருக்காது. விடுபட்ட அந்த இடைநிலையை டெஸ்க்டாப் குரோம் தானே தேடி எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செயலிகள் அப்படிச் செய்வதில்லை. 'கம்ப்யூட்டரில் சரி, போனில் தப்பு' என்ற புகாருக்கு இதுவும் ஒரு வழக்கமான காரணம்.

ப்ரைவேட் கீயை (சான்றிதழுக்கான ரகசியச் சாவியை) கணினியின் நிர்வாகியான ரூட் பயனர் மட்டுமே படிக்க முடியும். ப்ரோசடியோ தனிப் பயனராக ஓடுகிறது. கீ கோப்பின் அனுமதியை எல்லாருக்கும் திறந்துவிடாமல், ப்ரோசடியை நிர்வகிக்கும் ப்ரோசடிசிடிஎல் கட்டளையில் உள்ள 'செர்ட் இம்போர்ட்' வசதியைப் பயன்படுத்துங்கள். அது சரியான அனுமதியோடு நகலெடுத்து வைக்கும். அதையே சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் தானாக ஓடும் செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹூக்கிலும் போட்டுவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் வழக்கமாகத் தரும் சான்றிதழுக்கு ஆயுள் 90 நாள். ஹூக் இல்லையென்றால், வட்டில் புதுச் சான்றிதழ் இருக்கும், ப்ரோசடி நினைவகத்தில் வைத்திருக்கும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

முடித்ததும் ப்ரோசடிசிடிஎல்லின் 'செக் செர்ட்ஸ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து சோதிக்க ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்-கிளையன்ட் என்ற சோதனைக் கருவி இருக்கிறது. போர்ட் 5222, ஸ்டார்ட்டிஎல்எஸ் வகை எக்ஸ்எம்பிபி, எக்ஸ்எம்பிபி-ஹோஸ்டாக நிறுவனம்.இன் என்று கொடுங்கள். கடைசியில் வெரிஃபை ரிட்டர்ன் கோட் 0 வர வேண்டும். 21 வந்தால் பெரும்பாலும் இடைநிலைச் சான்றிதழ் விடுபட்டிருக்கும். ஆனால் 0 வந்ததும் எழுந்துவிடாதீர்கள். இந்தக் கருவி தானாகப் பெயரை ஒப்பிடாது. வெரிஃபை-ஹோஸ்ட்நேம் என்ற விருப்பத்தில் நிறுவனம்.இன் என்று கொடுத்தால்தான் ஒப்பிடும். அப்படிக் கொடுக்காவிட்டால், இப்போது உங்களிடம் இருக்கும் தவறான சான்றிதழுக்கும் அது 0 காட்டக்கூடும்.

பாஸ்வேர்ட் சேமிப்பு பற்றி ஒரே வார்த்தை: அமைப்புக் கோப்பில் ஆத்தென்டிகேஷன் வரி 'இன்டர்னல் ஹாஷ்டு' என்று இருக்கட்டும். 'இன்டர்னல் ப்ளெயின்' என்று இருந்தால் 40 பேரின் பாஸ்வேர்டும் படிக்கும்படி வட்டில் கிடக்கிறது என்று பொருள். எல்டாப் அடைவோடு (பயனர் கணக்குகளின் மையப் பட்டியலோடு) இணைத்திருந்தால் பெரும்பாலும் ப்ளெயின் முறையில்தான் உள்நுழைவு நடக்கும். அப்போது பாஸ்வேர்டைக் காப்பது டிஎல்எஸ் குறியாக்கமும் அதன் சான்றிதழ் சோதனையும் மட்டும்தான்.

சரியான சான்றிதழ் இருந்தாலும் மிஞ்சும் ஓர் ஓட்டையை 2023 அக்டோபரில் ஜாபர்.ஆர்யூ என்ற ரஷ்ய சாட் சேவையில் பார்த்தோம். ஜெர்மனியில் இருந்த அதன் சர்வர்களுக்கு முன்னால், 5222 போர்ட் போக்குவரத்தை யாரோ மாதக்கணக்கில் இடைமறித்திருந்தார்கள். அவர்களிடம் இருந்ததும் லெட்ஸ் என்கிரிப்ட் கொடுத்த செல்லுபடியாகும் சான்றிதழ். எந்தச் செயலியும் எச்சரிக்கவில்லை. அதைப் புதுப்பிக்காமல் விட்டதால் காலாவதியாகி, எச்சரிக்கை எழுந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. இதைத் தடுக்க டிஎன்எஸ்ஸில் சிஏஏ பதிவு (உங்கள் டொமைனுக்கு யார் சான்றிதழ் தரலாம் என்று சொல்வது) போட்டு, அதில் உங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் கணக்கின் முகவரியையும் குறிப்பிடுங்கள். வேறு கணக்கு கேட்டால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தராது. சேனல் பைண்டிங் (உள்நுழைவை அந்த டிஎல்எஸ் இணைப்போடு பிணைப்பது) உள்ள ஸ்க்ராம் ப்ளஸ் முறையை சர்வரும் செயலியும் ஆதரித்தால் அதுவும் இருக்கட்டும்.

ஏற்கெனவே 'எப்போதும்' அழுத்தியவர்களை மறந்துவிடாதீர்கள். புதுச் சான்றிதழ் வந்த பிறகு, கான்வர்சேஷன்ஸ் அமைப்புகளில் கைமுறையாக ஏற்ற சான்றிதழ்களை நீக்கும் இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லுங்கள். ரயில் நிலையம், விடுதி போன்ற பொது வைஃபையில் இருந்தபோது அழுத்தியவர்கள் பாஸ்வேர்டையும் மாற்றிவிடட்டும்.