மாணவர் கூடினால் திருட்டும் கூடுமா? ஊட்டியில் ஒரு புள்ளியியல் கேள்வி பதில்

முதுகலை மாணவி, ஊட்டி: சார், ப்ராஜெக்டுக்காக அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர் எண்ணிக்கையையும் வளாகத் திருட்டுகளையும் எடுத்தேன். ஒட்டுறவுக் கெழு, அதாவது இரண்டும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று காட்டும் எண், 0.8 வருகிறது. மாணவர் சேர்க்கைதான் காரணம் என்று எழுதலாமா?

வேண்டாம்மா. 0.8-இன் வர்க்கம் 0.64. திருட்டு எண்ணிக்கை வளாகத்துக்கு வளாகம் வேறுபடுவதில் 64 சதவீதம் மாணவர் எண்ணிக்கையோடு சேர்ந்து போகிறது, அவ்வளவுதான். ஆள் அதிகம் என்றால் சைக்கிளும் லேப்டாப்பும் அதிகம்; அதற்குக் கெழுவே தேவையில்லை. ஆயிரம் பேருக்கு எத்தனை திருட்டு என்று பார். பேச்சுக்கு, 2,000 பேர் வளாகத்தில் 20 திருட்டு, 12,000 பேர் வளாகத்தில் 60 என்று வை. எண்ணிக்கை மூன்று மடங்கு. வீதமோ முதலாவதில் 10, இரண்டாவதில் 5. பெரிய வளாகம்தான் பத்திரம்!

இதிலும் ஒரு பொறி உண்டு. வீதத்தின் பகுதியில், அதாவது வகுக்கும் எண்ணாக, இருப்பதும் மாணவர் எண்ணிக்கைதான். அந்த வீதத்தை மறுபடி மாணவர் எண்ணிக்கையோடே ஒப்பிட்டால், இல்லாத தொடர்பு இருப்பதுபோல் தெரியலாம். இந்த மாதிரிப் பொய் ஒட்டுறவைப் பற்றி புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1897-லேயே எச்சரித்துவிட்டார்.

மாணவர், குன்னூர்: எந்தப் புள்ளிவிவரத்தை எடுப்பது சார்?

அமெரிக்க மத்திய புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் பல்கலைக்கழக அட்டவணையில் மாணவர் எண்ணிக்கையும், திருட்டு உள்ளிட்ட சொத்துக் குற்றங்களும் ஒரே இடத்தில் இருக்கும். வளாகக் குற்றக் கணக்கை வெளியிடச் சொல்லி 1990-இல் அங்கே வந்த கிளெரி சட்டத்தின்படி கல்லூரிகள் வெளியிடும் கணக்கு வேறு. அறை புகுந்து திருடியதும் வண்டித் திருட்டும் அதில் வரும். நூலக மேசையில் வைத்த போன் காணாமல் போனது பொதுவாக வராது. இரண்டையும் கலக்காதே தம்பி.

அதே மாணவர்: ஒரே ஒரு பல்கலைக்கழகம் மட்டும் எங்கோ தனியாக நிற்கிறது.

முதலில் சிதறல் வரைபடம் போடு. அந்தப் புள்ளியோடு ஒரு தடவை, இல்லாமல் ஒரு தடவை கெழுவைப் பார். எண்களுக்குப் பதில் அவற்றின் வரிசை இடத்தை வைத்துக் கணக்கிடும் ஸ்பியர்மன் தர ஒட்டுறவும் உதவும்.

விடுதிக் காப்பாளர், கோத்தகிரி: எங்கள் விடுதியில் மே மாதம் புகாரே வருவதில்லை. ஆள் குறைந்தால் திருட்டு குறைகிறது என்றுதானே அர்த்தம்?

மே மாதம் விடுதி காலி மேடம், புகார் கொடுக்க யார் இருக்கிறார்கள்? லீவில் காணாமல் போனது ஜூனில் பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியும். அந்தப் புகாரும் ஜூன் கணக்கில் ஏறிவிடும். பதிவேட்டில் பொருளைக் கடைசியாகப் பார்த்த தேதிக்கு ஒரு கட்டம், அந்த மாதம் தங்கியிருந்தவர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். அப்புறம், ஜன்னல் வழியாகக் குரங்கு தூக்கிப்போன பிஸ்கட்டைத் திருட்டில் எழுத வேண்டாம்.