செம்மண் சரளையில் கிடைத்த கல்: கற்காலக் கருவிதானா?

கேள்வி: கல்லல் பக்கம் எங்கள் கொல்லையில் பண்ணைக்குட்டை வெட்டியபோது, செம்புறாங்கல் சரளைக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கல் கிடைத்தது. இரண்டு பக்கமும் செதுக்கியதுபோல் இருக்கிறது. கற்கால மனிதர்கள் செய்ததா? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உருவத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் அது என்ன கல் என்று பாருங்கள். கருவி செய்தவர்கள் நினைத்த பக்கம் உடையும் கல்லைத்தான் தேடிப் பிடித்தார்கள். செம்புறாங்கல்லில் சுவர் எழுப்பலாம், கூர் நிற்காது. கிரானைட் போன்ற கருங்கல்லில் பெரிய பெரிய மணிகளாகப் பல கனிமங்கள் கலந்திருக்கும். அடித்தால் சொரசொரவென்று ஏறுமாறாக உடையும். வெங்கச்சங்கல்லிலும் கருவி செய்ததுண்டு, ஆனால் அது எளிதில் சிதறிவிடும். குவார்ட்சைட் பழைய மணல் இறுகி உண்டான பாறை. அதில் வெடிப்பு மணல்மணிகளைச் சுற்றிப் போகாமல் ஊடறுத்துக்கொண்டு போவதால் விளிம்பு கூராக வரும். 1863-ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்காலக் கருவி குவார்ட்சைட்தான். அதுவும் செம்புறாங்கல் சரளையில் கிடைத்ததே. அதனால் உங்கள் சரளையை அலட்சியப்படுத்த மாட்டேன்.

இனி கல்லைச் சாய்வான வெயிலில் திருப்பிப் பாருங்கள். மனிதர்கள் செதுக்கியதென்றால் சில்லு பெயர்ந்த இடம் ஒவ்வொன்றும் சிப்பியின் உட்புறம்போல் லேசாகக் குழிந்திருக்கும். அடிபட்ட புள்ளியிலிருந்து மெல்லிய அலைவரிகள் விரியும். ஒரு குழி மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், பொக்லைன் பல் பட்டாலும் அப்படிப் பெயரும். விளிம்பு நெடுக, இரண்டு முகத்திலும், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு பல குழிகள் வேண்டும். எல்லாம் ஒரே அளவுக்கு மங்கிச் செம்மண் கறை ஏறியிருக்க வேண்டும். பளிச்சென்று புது நிறத்தில் தெரிந்தால் அது குட்டை வெட்டியபோது பட்ட அடி. பிடிக்கும் பக்கத்தில் கூழாங்கல்லின் வழவழப்பான தோல் மிச்சமிருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, அதே குழியிலுள்ள மற்ற கற்களோடு ஒப்பிடுங்கள். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், 15 லட்சம் ஆண்டு பழமையான கருவிகள் களிமண் படிவில் கிடந்தன. அந்தக் களிமண்ணில் அப்படிப்பட்ட கல்லே கிடையாது, வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் குழியிலும் இந்தக் கல் மட்டும் தனி ரகமாக இருந்தால் அது பெரிய துப்பு. ஜல்லி லாரி வந்துபோன இடமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

தயவுசெய்து கல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் சான்றுதான். மேலும் தோண்டாமல், கிராம நிர்வாக அலுவலரிடமோ மாநிலத் தொல்லியல் துறையிடமோ தகவல் சொல்லுங்கள். நீங்கள் சொல்கிற அடையாளங்களை வைத்து மட்டும் நான் முடிவு சொல்ல முடியாது. கல்லைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும். அவர்கள் வருவதற்குள் மழை பெய்தால் கரை சரிந்துவிடும். கல் எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணில் இருந்தது என்பதை இன்றைக்கே அளந்து குறித்துக்கொண்டு, குழியின் பக்கச் சுவரையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள்.