பிளஸ் டூவுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் நீட் எளிதாகுமா?

கேள்வி: என் மகள் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், தமிழ் வழி. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். டாக்டராக வேண்டும் என்கிறாள். சென்ற மாதம் ஒரு மாதிரி நீட் தேர்வு எழுதியதில் 720-க்கு 148. இயற்பியலில் 43 கேள்விக்கு விடை எழுதி எட்டுதான் சரி, மதிப்பெண் மைனஸ் 3. பிளஸ் டூவுக்கு நீட் பயிற்சியோடு நடக்கும் தனியார் உறைவிடப் பள்ளியில் போடச் சொல்கிறார்கள். இரண்டே முக்கால் லட்சம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது சேர்க்கலாமா? தேர்வை அவள் தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. பள்ளியை மாற்றினால் உங்கள் மகள் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு போய்விடும்.

2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதம் தனியாக உண்டு. அந்த இடங்களுக்குப் போட்டி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான். தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆறு வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஏழாவது வருடம் தனியார் பள்ளிக்குப் போனால் இந்த உரிமை போச்சு. அரசு உதவி பெறும் பள்ளியும் இந்தக் கணக்கில் வராது. சேர்க்கச் சொல்பவர்கள் இதைச் சொன்னார்களா என்று விசாரித்துப் பாருங்கள். வெளியில் பயிற்சி வகுப்புக்குப் போவதற்குத் தடை எதுவும் இல்லை. அவள் பெயர் அரசுப் பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து அந்த 148. அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. பிளஸ் டூ புத்தகத்தையே திறக்காத பிள்ளைக்கு முழுப் பாடத்திட்டத்தில் தேர்வு வைத்தால் வேறென்ன வரும்? இந்த வருடம் முழுத் தேர்வே வேண்டாம். பாடம் முடிய முடிய அந்தப் பாடத்தில் மட்டும் 45 கேள்வி, 45 நிமிடம் போதும்.

ஆனால் இயற்பியலில் 43-க்கு எட்டு என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழிவு. நான்கு விருப்பங்களில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் கருப்பாக்கினாலே 43-இல் பத்துப் பதினொன்று சரியாக வரும். உங்கள் மகளுக்கு வந்தது எட்டு. அவள் எல்லாவற்றையும் குருட்டாம்போக்கில் எழுதியிருப்பாள் என்று நான் நினைக்கவில்லை. யோசித்து எழுதி, கேள்வித்தாள் தயாரித்தவர் விரித்த வலையில் போய் விழுந்திருக்கலாம். அரைகுறையாகத் தெரிந்தவருக்காகவே விரிக்கப்படும் வலை அது.

ஓர் உதாரணம். ஒரு பொருளின் உந்தம் 50 சதவீதம் அதிகரித்தால் அதன் இயக்க ஆற்றல் எத்தனை சதவீதம் அதிகரிக்கும்? விருப்பங்கள்: 50, 100, 125, 225. இயக்க ஆற்றல் உந்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்று தெரியாத பிள்ளை 50-ஐ எடுக்கும். இருமடி என்பது மட்டும் நினைவிருந்து ஐம்பதை இரண்டால் பெருக்கும் பிள்ளை 100-ஐ எடுக்கும். நன்றாகப் படித்த பிள்ளை 1.5 × 1.5 = 2.25 என்று சரியாகக் கணக்குப் போட்டுவிட்டு, 225-ஐப் பார்த்ததும் கருப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். கேட்டது எவ்வளவு அதிகரிக்கும் என்று. 225-இலிருந்து பழைய 100-ஐக் கழித்தால் 125, அதுதான் விடை. மூன்று பிள்ளைகளுக்கும் அதே மைனஸ் ஒன்றுதான். மருந்து மட்டும் வேறு வேறு.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்வியையும் அதில் எழுதி, பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து போடட்டும். பாடமே தெரியாமல் தவறினால் ‘தெ’, தெரிந்தும் கவனம் பிசகினால் ‘க’, ஊகித்து எழுதியது என்றால் ‘ஊ’. ‘தெ’ நிறைய இருந்தால் மறுபடி புத்தகம். ‘க’ நிறைய இருந்தால் புத்தகத்தைத் தொட வேண்டாம். கேள்வியின் கடைசி வரியில் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் வேண்டும். ‘ஊ’வுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். நான்கில் ஒன்றைக்கூட விலக்க முடியாமல் அடித்தால், சராசரியாகக் கேள்விக்குக் கால் மதிப்பெண்தான் லாபம். இரண்டை உறுதியாக விலக்கிவிட்டு மீதி இரண்டில் ஒன்றை அடித்தால் ஒன்றரை மதிப்பெண். “தெரியாததைத் தொடவே தொடாதே” என்று எல்லாரும் சொல்வதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டை விலக்க முடிந்தால் தொடலாம்.

இயற்பியலில் கால்குலேட்டர் கிடையாது. பல பிள்ளைகள் சறுக்குவது இயற்பியலில் இல்லை, வகுத்தலில்தான். தினமும் பத்துக் கணக்கு, கையால், வழிமுறையோடு. இயக்கவியல், இயக்க விதிகள், வேலை–ஆற்றல்–திறன் மூன்றும் கைக்குள் வந்த பிறகு திண்மப்பொருட்களின் இயக்கத்துக்குப் போகட்டும். அங்கே முதலில் போனவர்கள்தான் “எனக்கு பிசிக்ஸே வராது” என்று திரும்பி வருகிறார்கள்.

தேர்வின் அமைப்பு இது. 2025 முதல் 180 கேள்வி, 180 நிமிடம். உயிரியல் 90, வேதியியல் 45, இயற்பியல் 45. சாய்ஸ் இல்லை. ஓஎம்ஆர் விடைத்தாளில் ஒரு வட்டத்தைக் கருப்பாக்க ஐந்து நொடி என்று வைத்தாலும் 15 நிமிடம் பேனாவுக்கே போய்விடும். உயிரியலை 45 நிமிடத்தில் முடிப்பவர்களுக்குத்தான் இயற்பியலுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். இயற்பியல் பயத்துக்கான வைத்தியத்தில் பாதி உயிரியலில் இருக்கிறது.

உயிரியலுக்குத் தமிழ்நாட்டுப் பாடநூலைத் தமிழில் முதலில் படிக்கட்டும். பிறகு அதே பாடத்தை மத்திய பாடத்திட்டத்துக்கான ஆங்கில என்சிஇஆர்டி புத்தகத்தில் வரி வரியாக ஒப்பிட வேண்டும், முக்கியமாகப் படம், அட்டவணை, எண்கள். சிறுநீரகப் பாடத்தில் நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர், நாளுக்கு 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது என்று ஒரு வரி வரும். நாம் தாண்டிப் போய்விடுவோம், கேள்வி அங்கேதான் நிற்கும். பிளஸ் ஒன் பாடங்களை இந்த வருடமே முடிக்க வேண்டும். நீட்டில் கிட்டத்தட்டப் பாதி அவற்றிலிருந்துதான். பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் கிடையாது என்பதால் பள்ளியில் அந்தப் பாடங்களை அவசரமாகத் தாண்டும் ஆபத்து இருக்கிறது. வீட்டில் ஒரு கண் வைத்திருங்கள்.

மொழி விஷயத்தில் என் யோசனை: தமிழையே தேர்ந்தெடுக்கட்டும். தமிழ் கேட்டவர்களுக்கு வரும் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். ஆங்கிலம் கேட்டால் தமிழ் வராது. ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. 2018-இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்கு நடந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. நீதிமன்றத்தை நம்பிப் படிக்க முடியாது. திருப்பு விசை என்றால் டார்க், உந்தம் என்றால் மொமென்டம், நிலைமத் திருப்புத்திறன் என்றால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா என்று பாடம்தோறும் இருபது சொல், இரண்டு பத்தியாக எழுதி வைத்துக்கொள்ளட்டும். தமிழ் வரி முரண்டு பிடிக்கும்போது கண் தானாக ஆங்கில வரிக்குத் தாவ வேண்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆறு முதல் பத்து வரை அவள் வேறு பள்ளியில் படித்திருந்தால், எந்தெந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று குறிப்பிட்ட படிப்புச் சான்றிதழை அந்தத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி வையுங்கள். கலந்தாய்வு சமயத்தில் போனால் அங்கே ஒரு வரிசையே நிற்கும்.