வெறுங்கையோடு திரும்பிய நாளையும் எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் ஏழெட்டு நண்பர்கள் விடுமுறை நாள்களில் எண்ணூர் முகத்துவாரத்திலும் பழவேற்காட்டிலும் தூண்டில் போடுகிறோம். பிடித்த மீனைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோடு சரி. இதை முறையாக எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படுமா? எப்படி எழுத வேண்டும்?
– ஒரு வாசகர், எர்ணாவூர்

பதில்: நிச்சயம் பயன்படும். ஆனால் இப்போது உங்கள் குழுவில் சேர்ந்திருக்கும் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நீரில் மீன் எப்படி இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. படமெடுக்கத் தோன்றிய மீன்தான் அங்கே இருக்கும். கையளவு செப்பிலியும், முள்ளைக் கழற்றி உடனே விட்ட கெளுத்தியும், காலை முழுவதும் நின்றும் ஒன்றும் கடிக்காமல் திரும்பிய நாளும் அதில் இருக்கமாட்டா. மீன் குறையக் குறைய வெறுங்கையோடு திரும்பும் நாள்கள்தாம் பெருகும். அந்த நாள்களை விட்டுவிட்டால், வளம் சரிந்துகொண்டிருக்கும் காலத்திலும் உங்கள் குழு எப்போதும்போல் செழிப்பாகவே தெரியும்.

ஆகவே நீங்கள் முதலில் எழுத வேண்டியது மீனைப் பற்றியன்று, நேரத்தைப் பற்றி. எத்தனை மணிக்குத் தூண்டில் போட்டீர்கள், எப்போது சுருட்டினீர்கள், எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை கோல் என்பவற்றைக் குறித்தால்தான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு கோலுக்கு எத்தனை மீன் என்று கணக்கிட முடியும். எத்தனை ஓவர் என்று சொல்லாமல் எடுத்த ரன்னை மட்டும் சொல்வதைப் போன்றதுதான் நேரம் இல்லாத மீன் கணக்கு. மீன் கிடைக்காத நாளில், போன நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதி, மீன் என்ற இடத்தில் தெளிவாகச் சுழியம் போடுங்கள். வெற்றிடமாக விட்டால், மீன் இல்லையா, எழுத மறந்துவிட்டீர்களா என்று பின்னால் பார்ப்பவருக்குத் தெரியாது.

இரண்டாவது, கரையை விட்டுக் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். நினைவு எந்த அளவுக்கு ஏமாற்றும் என்பதற்கு அமெரிக்க அனுபவம் ஒன்றே போதும். அங்கே கடலோர வீடுகளுக்குக் கேள்வித்தாளைத் தபாலில் அனுப்பி, எத்தனை முறை மீன்பிடிக்கப் போனீர்கள் என்று கேட்கிறார்கள். கடந்த இரண்டு மாதக் கணக்கை முதலிலும் பன்னிரண்டு மாதக் கணக்கை அடுத்தும் கேட்டு வந்தவர்கள், சோதனையாக அந்த வரிசையை மாற்றிப் பார்த்தபோது, மதிப்பீடு 30 முதல் 40 சதவீதம் வரை குறைந்தது. அதை அந்நாட்டின் கடல்வள நிர்வாகமான நோவா 2023இல் வெளியிட்டது. மக்கள் பொய் சொல்லவில்லை. போன முறை போனதைச் சொல்லிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில், மூன்று நான்கு மாதங்களுக்கு முன் போனதையும் இரண்டு மாதக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். கேள்வியின் வரிசையே இவ்வளவு மாற்றுமென்றால், மாதக் கடைசியில் உட்கார்ந்து நினைவுகூர்ந்து நிரப்பும் நோட்டை எப்படி நம்புவது?

அளப்பதிலும் கவனம் வேண்டும். நீளத்தை எழுதும்போது 40, 45, 50 என்று ஐந்தின் மடங்குகளில் முடிப்பது தூண்டில்காரர்களிடம் பரவலாகக் காணப்படும் பழக்கம். அளவுகோல் ஒட்டிய பலகை ஒன்றை வைத்துக்கொண்டு, வாயை மூடி, மூக்கு நுனி முதல் வால் முனை வரை அளந்து, 47 என்றால் 47 என்றே எழுதுங்கள். பாரைபோல் வால் பிளந்த மீனுக்கு வால் கவை வரை அளப்பதும் உண்டு. எதுவானாலும் குழு முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றி, அது எந்த முறை என்பதை முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். பாரை, கெளுத்தி, மடவை ஆகிய பெயர்கள் ஒவ்வொன்றிலும் பல இனங்கள் அடங்குவதால், துடுப்பு விரிந்த நிலையில் பக்கவாட்டுப் படம் ஒன்றும் சேர்ந்தால் நல்லது.

விட்ட மீனையும் அதன் நீளத்தோடு எழுதுங்கள். கொடுவா விஷயத்தில் இது மிக முக்கியம். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரிதான பிறகே பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெருங்கொடுவாக்களே முட்டையிடும் தாய்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பொதுவாக 58 செ.மீ.க்குக் குறைந்த கொடுவாவையும் 120 செ.மீ.க்கு மேற்பட்டதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருப்பது இதனால்தான். நம் கழிமுகத்தில் எந்த நீளக் கொடுவா எத்தனை கிடைக்கிறது என்ற பதிவு இருந்தால்தான் அப்படியொரு விதியைப் பற்றி இங்கே பேசவாவது முடியும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து, வலைகளும் படகுகளும் அலையாத்திச் செடிகளும் கறுத்துப் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு, சுழிய நாள்களோடு கூடிய ஒரு நோட்டு உங்கள் குழுவிடம் இருந்திருந்தால், மீன் போய்விட்டது என்று மீனவர் சொன்ன சொல்லுக்குத் துணையாக அது நின்றிருக்கும். இப்போது தொடங்கினால் அடுத்த முறைக்காவது அது இருக்கும். நோட்டின் நகலைப் பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பழவேற்காடு அவர்களுக்குப் பக்கத்தில்தான்.

கேள்வி: இடத்தை எழுதினால் எல்லோரும் அங்கே வந்து குவிந்துவிடுவார்களே?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: நியாயமான பயம். எந்தக் கல்லின் மேல் நின்றீர்கள் என்பது ஆய்வுக்குத் தேவையில்லை. முகத்துவாரம், கழிமுகத்தின் உட்பகுதி, கொசஸ்தலை ஆறு, கடற்கரை என்ற அளவில் பகுதியைக் குறித்தால் போதும். அப்போது கடல் நீர் ஏற்றமா வற்றமா என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொய்யான இடத்தை மட்டும் எழுதாதீர்கள். எழுத விருப்பமில்லை என்றால் அதையே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் கணக்குக் கொடுத்தால், அதை வைத்து எங்கள் மேல் கட்டுப்பாடு வருமோ என்று தோன்றுகிறது.
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: அம்மா, உங்கள் கவலையை ஒதுக்கிவிட முடியாது. 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், கடலோர மீன் இறங்குதளங்களில் மாதிரி நாள்களையும் மாதிரிப் படகுகளையும் எடுத்துக்கொண்டு நாட்டின் கடல்மீன் வரத்தை மதிப்பிடுகிறது. அந்த முறையில் உங்கள் வீட்டுப் படகு கரைக்குக் கொண்டுவரும் மீன் கணக்கில் வருகிறது. பாறையில் நின்று ஒருவர் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டு நேரே வீட்டுக்குப் போகும் மீன் வருவதில்லை. ஆகவே ஒரு மீன் குறைகிறது என்றால், கணக்கில் தெரிகிற ஒரே கை உங்களுடையதாகவே இருக்கிறது. பொழுதுபோக்குக்காரர்களின் பங்கும் வெளியே தெரிந்தால், விதி வரும்போது அது அவர்களையும் சேர்த்தே வர வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியமும் தன் மீன்பிடிக் கட்டுப்பாட்டு விதிகளை 2023இல் திருத்தியபோது, குறிப்பிட்ட சில இனங்களைப் பிடிக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப்பாளர்களும் பதிவு செய்துகொண்டு, பிடித்ததைத் தெரிவிக்க வேண்டும் என்று சேர்த்தது.

எர்ணாவூர் வாசகரின் குழுவுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடக்கும்போதும் உங்கள் தூண்டில் நீரில்தான் இருக்கிறது. அந்த நாள்களின் கணக்கை ஒன்றுவிடாமல் எழுதி, அதன் நகலை இந்த அம்மாவின் ஊர் மீனவர் சங்கத்துக்கும் கொடுங்கள்.