எல்லாக் கிருமிக்கும் ஒரே குளிசை கேட்காது

கேள்வி: என் வாப்பாவுக்கு 56 வயது. சம்மாந்துறையில் வெள்ளாமை செய்கிறார். சீனி வருத்தமும் இருக்கிறது. பெரும்போகம் தொடங்கியதிலிருந்து கால் விரலிடுக்கெல்லாம் வெள்ளையாக ஊறி, கடுமையாகக் கடிக்கிறது. பாமசியில் அமொக்சிசிலினும் ஒரு கிறீமும் தந்தார்கள். கிறீம் பூசியதும் கடி நின்றது. இப்போது புறங்காலில் வட்ட வட்டமாகப் படர்கிறது. போன மாதம் தம்பியின் வயிற்றோட்டத்துக்கு டொக்டர் தந்த மெட்ரோனிடசோலில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதுவும் கிருமிக்கான மருந்துதானே, வாப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், மகள். வாப்பாவின் காலில் இருப்பதும் தம்பியின் வயிற்றில் இருந்ததும் இரண்டு வேறு உயிரினங்கள். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து மற்றதற்குக் கேட்காது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் வாப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் பங்கசு. நாள் முழுக்கச் சேற்றில் ஊறும் விரலிடுக்கு அதற்கு வாய்ப்பான இடம். அமொக்சிசிலின் ஏன் கேட்கவில்லை என்றால், அந்த மருந்து பற்றீரியாவின் கலச்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. பங்கசுக்கும் சுவர் உண்டு, ஆனால் அது கைற்றின் போன்ற வேறு பொருட்களால் ஆனது. அமொக்சிசிலினின் மூத்த உறவான பெனிசிலினே ஒரு பங்கசிலிருந்து, 1928இல், கண்டுபிடிக்கப்பட்டதுதான். பங்கசு பற்றீரியாவுக்கு எதிராகத் தானே சுரக்கும் பொருளால் பங்கசைக் கொல்ல முடியுமா?

இன்னொன்றும் உண்டு. பங்கசின் கலம் பற்றீரியாவின் கலத்தைவிட நமது உடம்பின் கலத்துக்கே கிட்டியது. கரு இருக்கிறது, உள்ளமைப்பும் ஒத்துப்போகிறது. நமக்குக் கேடில்லாமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் குறைவாக இருப்பது அதனால்தான். குளோற்றிமசோல் போன்றவை, பங்கசின் மென்சவ்வுக்குத் தேவையான எர்கொஸ்ரெரோல் என்ற பொருளை அது தயாரிக்க விடாமல் செய்கின்றன. நமது மென்சவ்வில் இருப்பது கொலஸ்ரரோல், அதனால் நமக்கு அவ்வளவு பாதிப்பில்லை.

அமொக்சிசிலின் சும்மா வீணானது என்றுகூடச் சொல்ல முடியாது. குடலில் நமக்கு உதவியாக வாழும் பற்றீரியாக்களையும் அது அழித்துவிடும். அவை குறைந்த இடத்தில் கன்டிடா என்ற மதுவம், அதுவும் ஒரு பங்கசுதான், பெருகி, வாயில் வெள்ளைப் படலமும் மறைவிடத்தில் அரிப்பும் வருவதைச் சீனி வருத்தக்காரரிடம் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

அந்தக் கிறீமைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. பூசியதும் கடி நின்று, பிறகு படர்ந்தது என்றால் அதில் ஸ்டீரொயிட் கலந்திருக்கக்கூடும். ரியூப்பில் பெட்டாமெதசோன், குளோபெட்டசோல் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஸ்டீரொயிட் தோலின் எதிர்ப்பை அடக்குவதால் கடியும் சிவப்பும் மறையும், பங்கசு தடையில்லாமல் வளரும். இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில நாட்களுக்குச் சிவந்து கடி கூடலாம். அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பூசத் தொடங்க வேண்டாம்.

பிறகு தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். படர்ந்த வட்டத்தின் ஓரத்தில் செதிலைச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தட்டில் வைத்து, ஒரு சொட்டு பொற்றாசியம் ஐதரொட்சைட்டு விடுவார்கள். தோல் கலங்கள் கரைந்து தெளிந்ததும் நுணுக்குக்காட்டியில் கிளைவிட்ட மெல்லிய இழைகள் குறுக்கும் மறுக்குமாக ஓடுவது தெரியும். அதுதான் பங்கசு. தெரிந்துவிட்டால் பூசுமருந்து போதுமா, குளிசையும் வேண்டுமா என்று டொக்டர் முடிவெடுப்பார். கடி நின்ற பிறகும் சொன்ன நாள்வரை பூச வேண்டும்.

தம்பியின் கதை வேறு. மெட்ரோனிடசோலில் சுகமானது என்றால் அது அமீபாவாகவோ ஜியாடியாவாகவோ இருந்திருக்கலாம். இவை புரட்டிஸ்டா வகை, ஒரே கலத்தில் முழு உயிரையும் நடத்துபவை. 1681இல் ஒல்லாந்தரான லீவன்ஹூக் தனது வயிற்றோட்டத்தைத் தானே செய்த வில்லையால் பார்த்தபோது நீந்திக் கொண்டிருந்ததும் ஜியாடியாதான் என்று கருதப்படுகிறது. ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் கலங்களுக்குள் போன பிறகுதான் மெட்ரோனிடசோல் நஞ்சாக மாறும். அதனால் அப்படி வாழும் சில பற்றீரியாக்களுக்கும் அது கேட்கும், தோல் பங்கசுக்குக் கேட்காது. மிச்சம் வந்தது எப்படி என்றும் யோசியுங்கள், தம்பி முழுவதையும் குடித்து முடித்திருக்க வேண்டும். ஜியாடியா குடிநீராலும் தொற்றும். வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டால் பற்றீரியாக்கள் பெரும்பாலும் போய்விடும், ஜியாடியாவின் தடித்த கோதுள்ள சிறைப்பைகள் தாக்குப்பிடிக்கும். கொதித்த நீர்தான் நம்பிக்கை.

வயல் சேற்றைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. நெல்லுக்கு நைதரசனைப் பிடித்துக் கொடுப்பதும் அங்குள்ள நீலப்பச்சைப் பற்றீரியாக்கள்தான். மிதிக்கும்போது மேலே வரும் குமிழி, ஆர்க்கியா என்ற தனி இனம் உண்டாக்கும் மெதேன். ஆர்க்கியாவால் மனிதருக்கு நோய் வருவதாக இதுவரை நிறுவப்படவில்லை.

ஆனால் இரண்டு பற்றீரியாக்களை வாப்பா அறிந்திருக்க வேண்டும். ஒன்று எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டொஸ்பைரா. காய்ச்சலோடு கெண்டைக்கால் உளைவு, கண் சிவப்பு, சலம் குறைதல் வந்தால் காத்திருக்கக் கூடாது, டைக்குளோபெனக் போன்ற வலிக் குளிசையும் போடக் கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும். போகம் தொடங்குமுன் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் டொக்சிசைக்கிளின் பற்றிக் கேளுங்கள்.

மற்றது மெலியோய்டோசிஸ். கிழக்கு மாகாணத்தில் நாங்கள் எப்போதும் மனதில் வைத்திருக்க வேண்டிய நோய். கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்கிறது, காலில் இருக்கும் வெடிப்பால் உள்ளே போகிறது, சீனி வருத்தக்காரரைத்தான் அதிகம் தாக்குகிறது. நிமோனியாவாக வரும், ஈரலில் சீழ்க்கட்டியாக வரும், காசநோய் போலவும் இருக்கும். அமொக்சிசிலினுக்கு அசையாது. இரத்தத்தையோ சீழையோ சளியையோ வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தால்தான் பிடிபடும். பிடிபட்டால் வாட்டில் குறைந்தது 10 நாளாவது ஊசி, அதன்பின் மாதக்கணக்கில் குளிசை. ஆகவே வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தால், "வயலில் வேலை, சீனி வருத்தம், காலில் புண்" என்ற மூன்றையும் டொக்டர் கேட்குமுன்னே சொல்லிவிடுங்கள்.

அதுவரை, வயலால் வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் தனித் துவாயால் ஒற்றி உலர வையுங்கள். இறங்கும்போது நீளப் பூட்ஸ் போடட்டும். வரம்பில் நடக்கக் கஷ்டம் என்று வாப்பா சொல்வார், காலில் வெடிப்பு ஆறும்வரையாவது போடச் சொல்லுங்கள். சுரண்டல் சோதனைக்கு முன்னர் புதிதாக எந்தக் கிறீமும் பூச வேண்டாம். பழைய ரியூப்பை எறியாமல் கிளினிக்குக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள்.